நீச்சல் குள ஹீட்டர்: கேட்டீர்கள், சொல்கிறோம்

குளிர்காலத்தில் நீச்சல் குளத்தைச் சூடாக வைத்துக்கொள்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக் குளத்தின் அளவு 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.35 மீட்டர். 17 கிலோவாட் ஹீட் பம்ப் வந்து இறங்கியிருக்கிறது. முதல் தடவை ஓட்டும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு கரண்ட் ஆகும்?
– வாசகர், ஓசூர்

மெஷின் லாரியில் படுத்த நிலையில் வந்ததா என்று முதலில் விசாரியுங்கள். படுத்து வந்திருந்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து, எண்ணெய் கீழே இறங்கிய பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

அடுத்தது இடம். ஹீட் பம்ப் காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அப்படி எடுத்த பிறகு குளிர்ந்த காற்றை முன்பக்கம் ஊதித் தள்ளுகிறது. மோட்டார் ரூமுக்குள் வைத்துவிட்டால் தான் தள்ளிய குளிர்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு பாதித் திறனில் தவிக்கும். காற்றை உள்ளிழுக்கும் காயில் (குழாய்ச் சுருள்) பக்கம் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். காற்றாடிக்கு முன்னால் இரண்டரை, மூன்று மீட்டர் திறந்த வெளி வேண்டும். இதற்கென்று தனி பிரேக்கர், 30 மில்லியாம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு, தனி எர்த் மூன்றையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். மூன்று ஃபேஸ் மெஷினாக இருந்து இரண்டு ஃபேஸ் இடம் மாறிக் கொடுத்துவிட்டால் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றப் பார்க்கும். நல்ல மெஷின் உடனே நின்று பிழை காட்டும். மெஷின் பழுது என்று பயப்படாமல் ஃபேஸ் வரிசையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

குழாய் வரிசையைக் கண்ணால் ஒரு முறை தொடர்ந்து பாருங்கள். மோட்டார், ஃபில்டர், ஹீட்டர், அதற்குப் பிறகே குளோரின் கருவி என்று வர வேண்டும். குளோரின் கருவி ஹீட்டருக்கு முன்னால் இருந்தால் செறிவான குளோரின் நேராக ஹீட்டருக்குள் போகும். பின்னால் இருந்தாலும் போதாது, நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வேண்டும். மோட்டார் நின்றதும் அந்தத் தண்ணீர் பின்னோக்கி வந்து ஹீட்டரில் தங்காமல் தடுப்பது அதுதான்.

தண்ணீரின் ரசாயன நிலையைச் சூடேற்றுவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். பி.எச். 7.2 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். உங்கள் குளத்தில் இருப்பது சுமார் 43,000 லிட்டர். காரத்தன்மையை 10 பி.பி.எம். உயர்த்த சமையல் சோடா ஏறக்குறைய 725 கிராம் ஆகும்.

இனி ஓட்டலாம். தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர்த் துவாரம்) வாயின் நடுவில் நிற்கட்டும். மோட்டாரின் குப்பை பிடிக்கும் கூடையைச் சுத்தம் செய்து, ஃபில்டரை பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவி), அப்போது பிரஷர் மீட்டர் காட்டும் அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். பிற்பாடு வரும் பாதித் தொல்லைகளுக்கு அந்த ஒரு எண் விடை சொல்லும். ஹீட்டருக்குப் போகும் வால்வு, திரும்பும் வால்வு, இரண்டையும் இணைத்து, தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் நேராக அனுப்பும் பைபாஸ் வால்வு மூன்றையும் முழுக்கத் திறந்து மோட்டாரைப் போடுங்கள். காற்றுக் குமிழிகள் நின்றதும் பைபாஸை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வாருங்கள். பத்து நிமிடம் ஓடட்டும். இணைப்புகளில் கசிவு இல்லையென்றால் ஹீட்டரைப் போட்டு 28 டிகிரி வையுங்கள். பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரசர் கிளம்பாது; சுமார் மூன்று நிமிடத் தாமதம் அதற்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. கரண்ட் போய் வரும்போதும் இப்படித்தான்.

அரை மணி கழித்து உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் பாருங்கள். ஒன்றரை, இரண்டு டிகிரி இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் ஓட்டம் போதவில்லை, பைபாஸை இன்னும் மூடுங்கள். அரை டிகிரிகூட இல்லையென்றால் தண்ணீர் அளவுக்கு மீறி ஓடுகிறது. பைபாஸைக் கொஞ்சம் திறக்கலாம். வெளியே வரும் தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகக்கூடத் தெரியவில்லையே என்று பலர் கவலைப்படுகிறார்கள். தெரியக் கூடாது. நிறையத் தண்ணீர், சிறிது சூடு என்பதே ஹீட் பம்ப் வேலை செய்யும் முறை.

கணக்கு இது: 1,000 லிட்டரை 1 டிகிரி ஏற்ற 1.16 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். உங்கள் குளத்துக்கு டிகிரிக்கு 50 யூனிட். 21 டிகிரியிலிருந்து 28க்குக் கொண்டுவர 350 யூனிட் வெப்பம். 17 கிலோவாட் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 26, 27 டிகிரி காற்றில் சோதித்த அளவு. மார்கழியில் ஓசூர்க் காற்றில் 13 கிலோவாட் கிடைத்தால் நல்லது. அப்படியானால் 27 மணி நேரம். பகலில் மட்டும் ஓட்டினால், இழப்பையும் சேர்த்து, மூன்று நாளுக்கு மேல். மீட்டரில் ஓடுவது 350 யூனிட் அல்ல. ஒரு யூனிட் கரண்டுக்கு நாலரை யூனிட் வெப்பம் என்று வைத்தால் 80 யூனிட் சுமாருக்கு முடியும், மோட்டாருக்கு ஆவது தனி. இதையே சாதாரண காயில் ஹீட்டரில் செய்திருந்தால் 350 யூனிட்டும் மீட்டரில் ஏறியிருக்கும்.

ரிசார்ட்டில் விருந்தினர்கள் காலை 7 மணிக்கே குளத்தில் இறங்குகிறார்கள். அதற்காக ராத்திரி முழுக்க ஹீட் பம்ப் ஓட்டுகிறோம். விடியும்போது தண்ணீர் சில்லென்றுதான் இருக்கிறது, பில் மட்டும் எகிறுகிறது. பெரிய மெஷின் வாங்கலாமா?
– மேலாளர், ஊட்டி

வாங்க வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது. அந்தக் காற்றில் எடுக்கச் சூடே குறைவு. காற்றிலுள்ள ஈரம் காயிலின் மேல் பனிக்கட்டியாக உறைந்து காற்று போகும் வழியை அடைக்கும். பனியைக் கரைக்க மெஷின் தன்னைத் திருப்பிக்கொண்டு குளத்துச் சூட்டையே எடுத்துக் காயிலுக்குக் கொடுக்கும். ராத்திரி முழுவதும் சூடாக்குவதும் கரைப்பதுமாக மாறி மாறிப் போகிறது. பகலில் ஒரு யூனிட்டுக்கு நான்கு யூனிட் வெப்பம் தரும் மெஷின் அந்த நேரத்தில் இரண்டு, இரண்டரை தருவதே பெரிது.

காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை, வெயில் இருக்கும்போது ஓட்டுங்கள். காலையில் 28 வேண்டுமென்றால் மாலையில் 29.5 அல்லது 30க்கு ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். இத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீரைவிடப் பெரிய வெப்பச் சேமிப்புத் தொட்டி உங்களிடம் வேறு இல்லை. கடைசி ஆள் ஏறியதும் குளத்தை மூடிவிடுங்கள்.

மூடுவதுதான் இதில் முக்கியம். திறந்த குளம் இழக்கும் சூட்டில் ஏறக்குறைய 70 விழுக்காடு ஆவியாகிப் போவதால் இழப்பது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 0.67 யூனிட் சுமார் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 32 சதுர மீட்டர் குளத்தில் 4 மில்லிமீட்டர் குறைந்தால் 128 லிட்டர், 86 யூனிட் வெப்பம். ஓசூர் வாசகரின் குளமாக இருந்தால் 1.7 டிகிரி இறங்கிவிடும். ஊட்டிக் காற்று உலர்ந்து வீசும் இரவில் இழப்பு இதற்கும் மேலே போகலாம். அமெரிக்க எரிசக்தித் துறை, மூடி போட்டால் சூடேற்றும் செலவு 50 முதல் 70 விழுக்காடு வரை குறையும் என்கிறது. பெரிய மெஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சுருட்டும் உருளையோடு கூடிய பபுள் கவருக்குச் செலவிடுங்கள். குமிழிகள் இருக்கும் பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும். உருளை இல்லாமல் வாங்காதீர்கள். கையால் இழுத்துப் போடும் கவரை ஊழியர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தொட மாட்டார்கள்.

உங்கள் குளம் விளிம்பில் வழிந்து ஓடும் வகை என்றால் இரவில் அந்த வழிதலை நிறுத்துங்கள். மெல்லிய படலமாகச் சுவரில் வழியும் தண்ணீர் சூட்டை வேகமாக இழக்கும். மேலே கவர் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. வழிந்த தண்ணீர் சேரும் தொட்டிக்கும் மூடி போடுங்கள். செயற்கை அருவி, நீரூற்று எல்லாம் விருந்தினர் இருக்கும்போது மட்டும் ஓடட்டும். காற்று வரும் திசையில் ஆள் உயரத்துக்கு வேலிச்செடியோ தட்டியோ வைத்தால் இழப்பு இன்னும் குறையும்.

இதையெல்லாம் செய்தும் ஏழு மணி நேரப் பகல் ஓட்டத்தில் வெப்பநிலை ஏறவில்லையென்றால், மெஷின் சிறியது என்பது அப்போதுதான் உறுதி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாராவது குளத்தில் இறங்குவதற்கு முன் கவரை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பாதி சுருட்டிய கவருக்கு அடியில் குழந்தை மாட்டிக்கொண்டால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஹீட் பம்ப்பின் அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே குழாய் ஓட்டையாகிவிட்டதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து சொட்டுகிறது, ஏ.சி. மெஷினில் சொட்டுவது போலத்தான். ஈரப்பதம் அதிகமான நாளில் மணிக்குச் சில லிட்டர்கூட வரலாம். சோதிப்பது எளிது. சொட்டும் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துக் குளோரின் சோதித்துப் பாருங்கள். குளத்தில் குளோரின் இருந்து, கிண்ணத்தில் இல்லையென்றால் அது காற்றின் ஈரம். இரண்டிலும் இருந்தால் கசிவு. ஹீட்டரை நிறுத்தி மோட்டாரை மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டியும் பார்க்கலாம்; அப்போதும் சொட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சீக்கிரம் சூடாகட்டும் என்று 35 டிகிரி வைக்கிறார் எங்கள் வாட்ச்மேன். சரியா? வார நாட்களில் யாரும் குளிப்பதில்லை, அப்போது நிறுத்திவிடலாமா?
– வாசகர், ஏலகிரி

சாதாரண ஹீட் பம்ப்பும் கேஸ் ஹீட்டரும் 28 வைத்தாலும் 35 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் சூடாக்கும். 35 வைத்தால் 28இல் நிற்காது என்பது மட்டுமே வித்தியாசம். இன்வெர்டர் மெஷினில் மட்டும், இலக்கு நெருங்கும்போது வேகம் குறையும் என்பதால் சிறு மாற்றம் தெரியலாம். அதற்கும் 35 தேவையில்லை. நீந்திப் பயிற்சி செய்பவர்களுக்கு 26 முதல் 28, குடும்பமாகக் குளிக்க 28, 29, கைக்குழந்தைகளுக்கு 31, 32. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஆவியாவதும் கூடுகிறது.

வார நாட்களில் நிறுத்தினால் மறுபடி ஏற்ற அதிகச் செலவாகும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. குளம் குளிர்ந்திருக்கும்போது அது வெளியே இழக்கும் சூடும் குறைவு, எனவே மொத்தத்தில் மிச்சம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரிக் குளிரில் அவசரமாக ஏற்ற வேண்டி வந்தால் ஹீட் பம்ப்பில் அந்த மிச்சம் போய்விடும். ஆகவே கவர் போட்டு, வார நாட்களில் மூன்று, நான்கு டிகிரி குறைத்து வையுங்கள். வியாழன் பகலிலேயே ஏற்றத் தொடங்குங்கள். வேகமாக ஏற்றும் கேஸ் ஹீட்டர் என்றால் முழுவதும் நிறுத்திவிடலாம்.

மூன்று வருட ஹீட் பம்ப். அடிக்கடி 'ஓட்டம் இல்லை' என்று காட்டி நின்றுவிடுகிறது. மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. குளத்துக்குப் போர் தண்ணீர்தான் விடுகிறோம்.
– வாசகர், நாமக்கல்

மோட்டார் ஓடுவது வேறு, தண்ணீர் ஓடுவது வேறு. பிரஷர் மீட்டரைப் பாருங்கள். பேக்வாஷ் செய்த அன்று இருந்ததைவிடக் கால் பங்கு ஏறியிருந்தால் மணல் ஃபில்டர் அடைத்திருக்கிறது. மாறாகக் குறைந்திருந்தால் கோளாறு மோட்டாருக்கு முன்னால்: கூடையில் இலை, ஸ்கிம்மருக்குக் கீழே இறங்கிய தண்ணீர், மூடி வாஷர் வழியாக இழுக்கும் காற்று. மீட்டர் சரியாக இருந்தும் நிற்கிறது என்றால் யாரோ பைபாஸைத் திறந்து வைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் ஓடுகிறதா என்று உணரும் ஃப்ளோ ஸ்விட்சின் துடுப்பில் உப்பு படிந்து அசையாமல் இருக்கலாம். ஃப்ளோ ஸ்விட்ச் வயரை நேராக இணைத்து ஓட்டிக் கொடுப்பதாக மெக்கானிக் சொன்னால் அனுமதிக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் போவது கம்ப்ரசர்.

போர் தண்ணீர் என்று எழுதியிருப்பதால் உப்புப் படிவையும் சந்தேகிக்க வேண்டும். சுண்ணாம்பு உப்புக்கு ஒரு விசேஷ குணம், தண்ணீர் சூடாக ஆகக் கரைவது குறையும். அதனால் குளத்தில் எங்கும் படியாதது ஹீட்டருக்குள் முதலில் படியும். படிந்த ஏடு சூடு கடத்தாது. கடினத்தன்மை 400 பி.பி.எம்.க்கு மேல் இருந்தால் பி.எச்.சை 7.2ஐ ஒட்டி வையுங்கள், கால்சியம் கலந்த குளோரின் பொடியை விட்டுத் திரவக் குளோரினுக்கு மாறுங்கள், குளத்தில் குறைந்ததை ஈடுசெய்யும் தண்ணீருக்கு மொட்டை மாடி மழைநீரைத் தொட்டியில் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது; கவர் போட்டால் அதுவும் மட்டுப்படும். ஏற்கெனவே படிந்ததை ஹீட்டரைத் தனிமைப்படுத்தி, சல்ஃபாமிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டுக் கரைக்கலாம். சர்வீஸ் ஆளை வைத்துச் செய்யுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: ஸ்கிம்மர் கூடைக்குள் குளோரின் மாத்திரை போடுவது. அந்த மாத்திரை கடும் அமிலத்தன்மை கொண்டது. மோட்டார் நின்றிருக்கும் நேரமெல்லாம் கரைந்து, மறுபடி ஓடும்போது முதல் மடக்கு அமிலம் ஹீட்டருக்குத்தான் போகும். செம்புச் சுருள் உள்ள ஹீட்டரில் செம்பு அரித்துக் குளத்துச் சுவரில் பச்சை நீலக் கறை தெரிவது இதனால்தான்.

கைக்குழந்தைகளுக்கான நீச்சல் வகுப்பு நடத்துகிறோம். சோலார் போதுமா? ஏற்கெனவே குளியலறைக்குச் சோலார் ஹீட்டர் இருக்கிறது, அதையே இணைக்கலாமா?
– வாசகி, சேலம்

அதை இணைக்காதீர்கள். குளியலறை சோலார் கொஞ்சம் தண்ணீரை அதிகம் சூடாக்க வடிவமைத்தது. அதில் செம்புக் குழாய் இருந்தால் குளத்துக் குளோரின் தண்ணீர் அரித்துவிடும். குளத்துக்கென்று கண்ணாடி இல்லாத கறுப்பு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பேனல் தனியாக வருகிறது, விலையும் குறைவு. குளத்தின் பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை பேனல் வேண்டும். உங்களுக்கு 31, 32 டிகிரி தேவைப்படுவதால் முழு அளவுக்கே இடம் ஒதுக்குங்கள். தெற்கு பார்த்து லேசான சாய்வு போதும். பேனல் குளத்தைவிட மூன்று, நான்கு டிகிரி சூடாக இருக்கும்போது மட்டும் தண்ணீரை மேலே அனுப்பும் கன்ட்ரோலர் வையுங்கள். அது இல்லாமல் ராத்திரியும் சுற்றினால் பகலில் சேர்த்த சூட்டை மாடியில் கொட்டிவிடும்.

கார்த்திகை மழை நாட்களில் சோலார் கைவிடும். வகுப்பை நிறுத்த முடியாதென்றால் சிறிய ஹீட் பம்ப் ஒன்று துணைக்கு வேண்டும். தண்ணீர் முதலில் சோலாருக்கும் பிறகு ஹீட் பம்ப்புக்கும் போகும்படி இணைக்கச் சொல்லுங்கள்.

எல்.பி.ஜி. ஹீட்டர். அரை மணி ஓடியதும் சிலிண்டர் மேல் பனி பூக்கிறது, தீ மஞ்சளாகி அணைந்துவிடுகிறது. சிலிண்டரில் கேஸ் பாதிக்கு மேல் இருக்கிறது.
– விடுதி உரிமையாளர், கொடைக்கானல்

இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகத் தன் சூட்டையே செலவிடுவதால் சிலிண்டர் குளிர்ந்து, மேலே பனி பூத்து, அழுத்தம் விழுகிறது. எல்.பி.ஜி.யில் உள்ள பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். 100 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு ஏழரை கிலோவுக்கு மேல் கேஸ் கேட்கும். ஒரு 19 கிலோ சிலிண்டரால் மலைக் குளிரில் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. பல சிலிண்டர்களை மேனிஃபோல்டில் (பொதுக் குழாயில்) இணைக்க வேண்டும், அல்லது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசர் போட வேண்டும். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, அடுப்புக்கருகே வைப்பது இரண்டும் ஆபத்து.

மஞ்சள் தீக்குக் காரணம் காற்றுப் போதாமை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சமவெளிக்கு அமைத்த பர்னர் அங்கே முழுதாக எரியாமல் கரி படிய வைக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும். அதிக உயரத்துக்கான ஜெட் (பர்னருக்குக் கேஸ் விடும் துளை) மாற்றித் தருமாறு ஹீட்டர் விற்றவரிடம் கேளுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம். ஹீட்டரோ சிலிண்டரோ தரைமட்டத்துக்குக் கீழே உள்ள மோட்டார் குழியில் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் குழியில்தான் தேங்கும்.

வீடு வாங்கியபோது பின்புறக் குளமும் 4 லட்சம் பி.டி.யு. (சுமார் 117 கிலோவாட்) கேஸ் ஹீட்டரும் சேர்ந்தே வந்தன. மே மாதம் திறக்க வேண்டும். தண்ணீர் 70,000 லிட்டர்.
– வாசகர், மார்க்கம், கனடா

குளிர்காலத்துக்கு முன் ஹீட்டரின் வடிகால் அடைப்பான்களை (டிரெயின் பிளக்) கழற்றியிருப்பார்கள். பெரும்பாலும் மோட்டார் கூடைக்குள் போட்டு வைத்திருப்பார்கள், தேடி எடுத்து மாட்டுங்கள். கதவைத் திறந்து உள்ளே எலிக் கூடு, கடித்த வயர், பர்னர் வாயில் சிலந்தி வலை இருக்கிறதா பாருங்கள். இயற்கை எரிவாயுவைச் சிலந்தி வலை திசை திருப்பினால் தீ வெளியே சீறும். புகைபோக்கி அடைபடாமல் இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் கேஸ் பகுதியில் கைவைக்க டி.எஸ்.எஸ்.ஏ. (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம்) சான்று பெற்ற ஆளைத்தான் கூப்பிட வேண்டும். முதல் வருடம் என்பதால் கூப்பிட்டே விடுங்கள்.

திறந்ததும் போடும் அதிகக் குளோரின் தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் பைபாஸில் ஒரு நாள் சுற்றவிடுங்கள். தண்ணீர் தெளிந்து பி.எச். சரியானதும் ஹீட்டரைப் போடலாம். குளிர்ந்த தண்ணீரில் முதல் முறை எரியும்போது அடியில் சொட்டும். புகையின் ஈரம் படிவது அது. குளம் சூடேற ஏற நின்றுவிடும், நிற்காவிட்டால் கசிவு. உங்கள் குளத்தில் ஒரு டிகிரிக்கு 81 யூனிட் வெப்பம், அதாவது 9 கனமீட்டருக்குச் சற்று மேல் எரிவாயு. 15லிருந்து 28க்கு வர, இழப்பைச் சேர்க்காமல், 11 மணி நேரமும் 120 கனமீட்டரும் ஆகும். ஏற்றும் நேரம் முழுவதும் கவர் மேலேயே இருக்கட்டும். நிறுத்தும்போது ஹீட்டரை முதலில் அணைத்து, பத்து நிமிடம் கழித்து மோட்டாரை நிறுத்துங்கள்; இல்லையென்றால் உள்ளே தங்கிய சூடு பிளாஸ்டிக் இணைப்புகளை வளைத்துவிடும்.